பலாப் பலகையில் மஞ்சள் கோடு

அர்த்தனாரி ஒரு நாள் என் வாசலுக்கு வருவான் என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷம் காத்திருந்தேன். வந்தான். முள்ளுக்குறிச்சியிலிருந்து ஓர் ஆசாரியையும் மலையேற்றிக் கூட்டி வந்திருந்தான்.

"ஏனுங்க மச்சான், சௌக்கியங்களா?"

அவன் என் தங்கை கண்ணாயியின் புருஷன். தங்கை புருஷனை 'வாங்க' என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுப்பது எங்கள் வீட்டு மரியாதை. நான் கூப்பிடவில்லை.

"என்ன சங்கதி?" என்றேன்.

"அந்த விசுப்பலகையச் சரி பண்ணிக் குடுத்தர்றேனுங்க."

விசுப்பலகை என் அப்பாவுடையது. ஒரே பலா மரத்தில் அறுத்த நாலு கால் பலகை. அப்பா எங்கள் ஊருக்கு ஊர்க்கவுண்டராக இருந்தபோது அதில் உட்கார்ந்துதான் வழக்குத் தீர்ப்பார். மிளகுக்கொடி ஏறிய ஒரு மர வரிசை யாருக்கு என்று வழக்கு வந்தது. மருமகன் என்று பார்க்காமல் அர்த்தனாரிக்கு எதிராகச் சொன்னார். உடனே அவன் எழுந்து வந்து, ஊரே பார்க்க, அப்பாவின் தொடையை ஒட்டிப் பலகையில் கொடுவாளைப் பதித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்தான். "இந்தக் கட்டைக்கு என்னய்யா மரியாதை?" என்று கேட்டான்.

அப்பா அசையவில்லை. தீர்ப்பை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அதன் பிறகு அந்தப் பலகையில் அவர் உட்காரவே இல்லை. அடுத்த மார்கழியில் போய்விட்டார். ஊர்க்கவுண்டராக இருக்கச் சொல்லி என்னைத்தான் முதலில் கேட்டார்கள். அப்பா எழுந்துபோன இடத்தில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு சின்னுசாமி இருந்தார். அவரும் காலமாகிவிட, இப்போது அர்த்தனாரிக்கு அந்த ஆசை. ஊர்ப் பெரியவர்கள் ஒன்று சொல்லியிருந்தார்கள்: தை பிறந்து ஊர் கூடும்போது அவன் போட்ட கீறல் பலகையில் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரியாவிட்டால் அவன்தான் ஊர்க்கவுண்டர்.

ஆசாரி குனிந்து கீறலுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தார்.

"ஆழமாத்தானுங்க போயிருக்குது. இழைப்புளி போட்டு மேலாப்புல எடுத்துட்டா..."

"எங்கப்பா உக்காந்த பலகையில ஒரு சுருள்கூட எடுக்கப்படாது."

"அப்பக் கீறல அடைக்கோணுமுங்க. பலகைக்கு அடியில கொஞ்சம் சுரண்டிக்கிறேன். அதே வயசு மரத்தூளு, அதே நிறம். குங்கிலியமும் தேன்மெழுகும் சேத்து அடைச்சா தெரியவே தெரியாதுங்க."

"அடியிலயும் கை வைக்கப்படாது. கீறுனவன் தூளக் கொண்டாரட்டும்."

ஆசாரி அர்த்தனாரியைப் பார்த்தார். "புது மரத்தூளு மஞ்சளா நிக்குமுங்களே. சேலத்துல வார்னீஸ் வாங்கிப் பூசலாம்னா, சீமையில இந்தச் சண்டை வந்ததுல இருந்து கடையில இல்லைங்கறாங்க."

"எங்கூட்டுப் பலாவும் பலாதானுங்க ஆசாரி," என்றான் அர்த்தனாரி. "எண்ணெயத் தடவுனாக் கருத்துரும்."

எண்ணெயால் கருக்காது என்று எனக்குத் தெரியும்.

அவன் வீட்டு மரத்தில் ஒரு கிளை வெட்டி அறுத்த தூளில் ஆசாரி மெழுகும் குங்கிலியமும் காய்ச்சிக் கலந்து, சூடான கத்தியால் கீறலில் அழுத்தினார். காய்ந்தபின் சொரசொரப்பான பிராய் இலையால் தேய்த்தார். நல்ல வேலைதான். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் கீறல் இல்லை. கண்ணைத் திறந்தால் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. எண்ணெய் பட்டதும் பழைய மரம் இன்னும் கருத்தது. அடைத்த இடமோ மஞ்சள் கயிற்றை இழுத்துக் கட்டியதுபோல் பளிச்சென்று நின்றது.

மறுநாள் கண்ணாயி வந்தாள்.

"அண்ணா, ஒரு கைப்பிடித் தூளு. அடியில சுரண்டுனா ஆருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

"அப்பா இருந்தாக் குடுத்திருப்பாரு."

"அப்பா இருக்கட்டும்னு உம்புருஷன் நெனச்சானா?"

"அவுரு புத்தி கெட்டுப் பண்ணிட்டாரு. நான் என்னண்ணா பண்ணுனேன்? அந்தூட்டுலயும் பேச்சு, இந்தூட்டுலயும் பேச்சா?"

"சோறு தின்னுட்டுப் போ, கண்ணு."

"உன்ற சோத்த நீயே தின்னு. வீராப்பையும் தொட்டுக்க." போய்விட்டாள். அவள் என் கூடப் பிறந்தவள். அப்படியும் நான் அவளைக் கூப்பிட்டுத் திருப்பவில்லை.

ஊர் கூடியது. பெரியவர் மாணிக்கம் பலகையைத் தடவிப் பார்த்தார். "வழவழன்னு இருக்குது," என்றார். அர்த்தனாரியின் முகம் மலர்ந்தது. பிறகு பெரியவர் நாலடி பின்னே போய் நின்று பார்த்தார். கூட்டத்தில் எவனோ, "மாமன் பொண்ணு மஞ்சத்தண்ணி ஊத்திட்டாளாட்ட இருக்குது!" என்றான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அர்த்தனாரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மாணிக்கம் என்னிடம் வந்தார். "நீ ஒரு வார்த்த சரின்னாப் போதுமப்பா. மரந்தானே, நாளானாத் தன்னால கருத்துரும்."

"கருக்கட்டுங்க. கருத்த பொறவு கூப்புடுங்க."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் அப்பாவின் முகம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கோடு மறைகிறவரை அர்த்தனாரிக்குப் பட்டம் கிடையாது, வருஷாவருஷம் தையில் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை இன்னொரு பெரியவர் மாதேஸ்வரன் ஊர்க் காரியத்தைக் கவனிக்கட்டும் என்று முடிவானது.

பலா கருப்பது வெளிச்சத்தால். எங்கள் வீட்டுப் பழைய பலாப்பெட்டி வெளியே கருங்காலிபோல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் உட்புறம் இன்னும் மஞ்சள். அன்று மாலையே விசுப்பலகையை உள்ளறைக்குத் தூக்கிப் போய், கருப்புக் கம்பளி இரண்டை மடித்து மூடினேன். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை.

அடுத்த தையில் ஊர் கூடும் நேரத்துக்குச் சரியாகக் கம்பளியை எடுத்துப் பலகையை வாசலில் போட்டேன். அர்த்தனாரி குனிந்து வெகுநேரம் பார்த்தான். ஒரு வருஷத்தில் அவன் மீசை பாதி நரைத்திருந்தது.

"மஞ்ச அப்புடியே இருக்குதுங்களே, மச்சான்."

"உன்ற மரமாச்சே," என்றேன்.