சோடா போட்டுக் கழுவிய பம்பு

ஆயுத பூஜைக்கு எந்த மெஷினும் அழுக்காக நிற்கக் கூடாது. ஒரகடத்தில் கம்பெனிக்குக் கம்பெனி இதுதான் வழக்கம். முதல் நாளே காஸ்டிக் சோடாவைக் கரைத்துப் பிசுக்குப் போகத் தேய்த்து, வெயிலில் காயவைத்துவிடுவார்கள். கோதண்டம் பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்ட் ஆளாக ஊரிலுள்ள மெஷினையெல்லாம் தேய்த்தவர். இந்தச் சின்னக் கம்பெனிக்கு வந்து நாலு மாதந்தான். பீப்பாயில் வரும் நைட்ரோமீத்தேன் என்ற ரசாயனத்தைக் கைப்பம்பு போட்டுச் சின்ன டப்பாக்களில் நிரப்புவது இங்கே வேலை. பார்த்தால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

பூஜை முடிந்ததும் சூப்பர்வைசர் திருமலை, கழுவினவர் கையாலேயே முதல் அடி அடிக்கட்டும் என்று கோதண்டத்தை முன்னால் தள்ளினார். பதினோரு வருஷத்தில் யாரும் அவரை அப்படி முன்னால் நிறுத்தியதில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு பம்பின் பிடியை அழுத்தினார். அசையவில்லை. மூட்டில் வெள்ளையாக ஏதோ பூத்து இறுகியிருந்தது.

"இன்னா நைனா, கண்ணாலப் பொண்ண தொட்டா மாதிரி தொட்டுக்கினு கீறே? ரெண்டு தட்டு தட்டு" என்று கூட வேலை செய்யும் நாகப்பன் சுத்தியலை நீட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். கோதண்டம் சுத்தியலை ஓங்கினார்.

சுண்டல் தட்டோடு வந்த கெமிஸ்ட் ஷெர்லின் மட்டும் சிரிக்கவில்லை. பம்பு பளபளவென்று இருப்பதைப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்ணே, இத எத வச்சு கழுவுனீங்க?"

"சோடாதாம்மா. நல்லா ஊறவச்சு தேச்சேன்."

அவள் தட்டை ஓரமாக வைத்தாள். "சுத்தியக் கீழ போட்டுடாதீங்க. அப்படியே எங்கிட்ட குடுங்க" என்றாள், மெதுவாக.

அவள் சொன்னபடி அங்கிருந்த பதினாலு பேரும் சத்தமில்லாமல் கட்டடத்தை விட்டு வெளியே வந்தார்கள். தீயணைப்புக்குப் போன் போட்டுவிட்டு அவள் கோதண்டத்திடம் வந்தாள். நைட்ரோமீத்தேன் சும்மா கிடந்தால் அதுபாட்டுக்குக் கிடக்குமாம். சோடா பட்டால் உப்பாக மாறுமாம், மூட்டில் பூத்திருந்த வெள்ளை அதுதானாம். காய்ந்த அந்த உப்பு ஒரு தட்டுக்குத் தாங்காதாம். அது வெடித்தால் பக்கத்திலிருக்கும் பீப்பாய்களும் சேர்ந்துகொள்ளுமாம். புதிதாக வந்தவருக்கு இதை யாரும் சொல்லவில்லையா என்று கேட்டு, திருமலையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கோதண்டத்துக்கு ஓங்கிய கை இன்னும் கீழே இறங்காத மாதிரியே இருந்தது.

"அண்ணே, வேற எதாச்சும் அந்தச் சோடாவுல கழுவுனீங்களா?"

அவர் சைக்கிள் ஷெட் பக்கம் திரும்பினார். இன்னொரு பம்பு இருந்தது. வெயில் படட்டும் என்று அதைச் சைக்கிள் ஷெட் ஓரத்தில்தான் வைத்திருந்தார். இப்போது எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பம்பின்மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நாகப்பன் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

கோதண்டம் நடந்தார். ஓடினால் அவன் துள்ளி எழுந்துவிடுவான்.

"நாகப்பா, மெதுவா கால எடு. ஒதைக்காத. எல்லாரும் அப்படியே எழுந்து வாங்க."

நாகப்பன் கிண்டலாக வாயைத் திறந்தான். கோதண்டத்தின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். காலை அங்குலம் அங்குலமாக எடுத்தான்.

கடைசி ஆளும் கேட்டைத் தாண்டிய பிறகு கோதண்டம் தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நாகப்பனின் ஒற்றைச் செருப்பு பம்பின் மேலேயே கிடந்தது. அதை எடுக்க யாரும் போகவில்லை.