ஏழு போல்ட்டுகள் ஒடிந்த கதை

போல்ட்டுக்குப் பேர்போன லூதியானாவில் பிறந்து, போல்ட்டு ஒடிந்து நிற்பதைவிட ஒரு ஃபிட்டருக்கு வேறென்ன அவமானம் வேண்டும்? மூன்று வாரத்தில் ஏழு ஒடிந்தன, அதுவும் என் பெஞ்சில்.

முன்பெல்லாம் கைப்பழக்கத்தில்தான் முறுக்குவோம். புது வாடிக்கையாளர், அளவு காட்டும் ஸ்பானரால் முறுக்கினால்தான் சரக்கை எடுப்பேன் என்றார். போல்ட்டின் வலு, மரை எத்தனை சுற்றுப் பிடிக்கிறது என்றெல்லாம் கணக்குப் போட்டு, முறுக்கு அளவு தொண்ணூறு என்று சுவரில் எழுதி ஒட்டியவன் நான்தான். மரை ஒன்றுகூடத் தேயவில்லை. போல்ட்டுதான் கழுத்து மெலிந்து ஒடிந்தது. கணக்கு சரியென்றால் போல்ட்டுதானே மட்டம்? ஸ்டோர் சாவி ராம்தனியிடம் இருந்தது.

அவன் பீகாரிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நல்ல போல்ட்டை வெளியே விற்றுவிட்டு மட்டமானதை வைக்கிறான் என்று முடிவு கட்டினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவன் சிரித்தாலும் திருட்டுச் சிரிப்பாகத் தெரிந்தது. முதலாளி குர்பச்சனிடம் சொன்னேன்.

"நாளைக்குக் கணக்க முடிச்சு அனுப்பிடு" என்றார்.

மறுநாள் சாட்சிக்காக ஸ்டோரிலிருந்து ஐந்து போல்ட்டை எடுத்து நானே முறுக்கினேன். ஐந்தும் தொண்ணூறைத் தாங்கின. என் பெஞ்சுத் தட்டில் கிடந்ததை முறுக்கினேன். ஒடிந்தது. இரண்டின் தலையிலும் ஒரே முத்திரை. விரலில் பிசுபிசுத்தது. முகர்ந்தேன், கடுகெண்ணெய்.

இரும்பு சனி பகவானுடையது. சனிக்கிழமைதோறும் தட்டில் ஒரு கரண்டி எண்ணெய் விடுவேன். கையால் முறுக்கியபோது கை நிதானித்துக்கொண்டது. ஸ்பானருக்கு எண்தான் தெரியும். எண்ணெய் பட்ட மரை வழுக்கிக்கொண்டு போகும், அதே தொண்ணூறு போல்ட்டை அளவுக்கு மீறி இழுக்கும். நான் போட்டதோ காய்ந்த மரைக்கான கணக்கு. என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பாஜி, தப்பு என்னோடது. ராம்தனி திருடல" என்றேன் முதலாளியிடம்.

அவர் கண்ணை இடுக்கினார். "நேத்து திருடன்னே. இன்னிக்கு உத்தமன்ற. எவ்ளோ பங்கு குடுத்தான் உனக்கு?"

அவர் கையைப் பிடித்துப் பெஞ்சுக்கு இழுத்து வந்தேன். காய்ந்தது ஒன்று, எண்ணெய் தடவியது ஒன்று, இரண்டையும் முறுக்கிக் காட்டினேன். இரண்டாவது ஒடிந்தது. முதலாளி ஒடிந்த துண்டைப் புரட்டிப் பார்த்தார்.

"சரி, அவன் இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

ராம்தனி அதற்குள் சேதி தெரிந்து மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான்.

"மன்னிச்சுக்கப்பா. நீ போக வேணாம்" என்றேன்.

அவன் மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

"மிஸ்திரிஜி, ஸ்டோர்லேர்ந்து உங்க பெஞ்சுக்கு தினமும் போல்ட்டு தூக்கிட்டு வர்றது உங்க மச்சான் தர்ஷன். என்மேல வந்த சந்தேகம், அவன்மேல ஒரு நாளாவது வந்துச்சா?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரல" என்றேன்.