செங்கல்பட்டு ஆம்னி பன்னிரண்டு மணி நேரம் ஓடிய விவரம்

ஜெய்புன்னிசாவின் கடை வாசலில் நின்ற வெள்ளை ஆம்னி வேனுக்கு இடது பக்கக் கதவு மறுபடி முளைக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை வாக்கில் அது வெற்றிலை அளவு இருந்தது. அடுத்த புதன்கிழமை கைப்பிடி வந்தது. பதினோராம் நாள் கண்ணாடி ஏறியது. முதல் இரண்டு நாள் இளநீர் வழுக்கை போலக் கலங்கலாக இருந்து, வெயில் பட்டபின் தெளிந்தது. செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவில் பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் கடைகள் மொத்தம் ஒன்பது. மற்ற எட்டுக் கடைக்காரர்களும் வந்து கதவைத் தட்டிப் பார்த்தார்கள். தகரம்தான் என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

அந்த வேன் அதற்குமுன் சதுரங்கப்பட்டினத்து மீன் வியாபாரி ஒருவரிடம் பதினெட்டு வருடம் நண்டும் வஞ்சிரமும் சுமந்தது. ஜெய்புன்னிசா அதைப் பிரித்து விற்கத்தான் வாங்கினார். முதலில் கழற்றிய இடது கதவைக் கருங்குழி டிரைவர் ஒருவருக்கு விற்றார். முளைத்து வந்ததையும் விற்றார். ஒரு வருடத்தில் நான்கு கதவுகள், இரண்டு பம்பர்கள், ஏழு முகப்பு விளக்குகள் போயின. விளக்குகள் மழைக்காலத்தில் சீக்கிரம் வந்தன. பிறகு ரேடியேட்டரைக் கழற்றியபோது மூன்று வாரமாகியும் அந்த இடத்தில் எதுவும் வரவில்லை. வெறும் குழாயிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. எஞ்சினில் தண்ணீர் ஒரு துளிகூட இல்லை. ஜெய்புன்னிசா ஒருநாள் காலை முழுவதும் ஸ்டூல் போட்டு எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கணவர் முனீரிடம், "இனிமே இதுலேர்ந்து ஒரு நட்டுகூட கழட்டக் கூடாது. நம்மளும் எவ்ளோதான் புடுங்கிகினே இருக்கிறது?" என்றார். ரேடியேட்டர் அந்த மாதக் கடைசியில் வந்தது. ஜெய்புன்னிசா எஞ்சினைத் திருத்தி, வேனைத் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்டார்.

வண்டிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கப் போனபோதுதான் தடங்கல் வந்தது. மீன் தண்ணீரின் உப்பில் வேனின் அடிச்சட்டம் எப்போதோ கரைந்துபோய், புதிதாக வளர்ந்திருந்தது. சட்டம் வளர்ந்ததே தவிர, அதில் பொறித்திருந்த எண் வளரவில்லை. ஆய்வாளர் டார்ச் அடித்துப் படுத்துக்கொண்டே அரைமணி நேரம் தேடினார். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, "நம்பர் இல்லாத வண்டிய நான் எப்படிம்மா ரோட்ல உடுறது?" என்று வருத்தத்தோடு கேட்டார். ஜெய்புன்னிசாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. வேன் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போனது.

ஓடாமல் இருட்டில் அடைந்து கிடந்தால் வண்டி வளராது என்பது அதன்பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதத்தில் அதன் வெள்ளை, வெயில் படாத இலை மாதிரி மஞ்சளித்தது. ஸ்கூட்டருக்குக் கண்ணாடி வாங்க வந்த பிரதீபா அதைப் பார்த்தார். திண்டுக்கல்காரர், கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் அளவுக்கருவிப் பிரிவில் பதினைந்து வருடமாக வேலை. எதையும் அளக்காமல் நம்பும் வழக்கம் அவரிடம் இல்லை. தகரத்தின் தடிமனை அளக்கும் கருவி ஒன்றைச் சொந்தமாக வாங்கி, ஞாயிறுதோறும் வந்து கதவில் வைத்துக் குறித்துக்கொண்டார். எட்டாவது ஞாயிறு குறிப்பேட்டை மூடி, "அக்கா, இது மெலிஞ்சுகிட்டே வருது. இப்படியே நின்னா அஞ்சு மாசம் தாங்கும். அப்புறம் தொட்டாலே பொத்துக்கும்" என்றார்.

அன்று மதியம் ஜெய்புன்னிசா சாப்பிடவில்லை.

வழி சொன்னவர் செங்கல்வராயன். பிரதீபா தினமும் போகும் ஊழியர் பேருந்தின் ஓட்டுநர். முப்பத்தோரு வருடத்தில் ஒருமுறைகூட ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதவர், ஒருமுறைகூடத் தாமதமாக வராதவர். செய்யூருக்கும் கடலுக்கும் நடுவில் சவுக்குத் தோப்பாக இருந்த இடத்தில் பந்தயத் தடம் ஒன்று திறந்திருந்தார்கள். மே மாதம் அங்கே காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை ஓடும் நெடும்பந்தயம். பழக்கமில்லாதவர்களும் அணியாகச் சேரலாம். ஆயிரம் சிசிக்குக் குறைவான எந்தக் காரும் வரலாம். பன்னிரண்டு மணி நேரம் முடிந்தபின் தன் சொந்த பலத்தில் கோட்டைக் கடக்கும் வண்டிக்குத்தான் பட்டியலில் இடம். "ரோட்லதான உடமாட்டேன்னாங்க?" என்றார் செங்கல்வராயன். "அது ரோடு இல்லியே."

மூவரும் சேர்ந்து அணியானார்கள். விதிப்படி, வண்டி புரண்டாலும் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டை உள்ளே பற்றவைத்தார்கள். வேன் அதை ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டது. பற்றவைத்த தழும்புகளின்மேல் தகரம் மூடிவந்து வழவழப்பானது. கொட்டகையிலிருந்து கடைவாசல் வரையிலும், வாசலிலிருந்து கொட்டகை வரையிலும் தினம் இருநூறு தடவை ஓட்டியதில் வெள்ளை நிறம் திரும்பியது. பந்தயத்துக்கு முதல்நாள் லாரியில் ஏற்றிப் போனார்கள். தடத்தில் வண்டிகளைச் சோதிக்கும் தலைமை அதிகாரி லக்ஷ்மிநாராயணன் மிகக் கண்டிப்பானவர். கூண்டை எங்கே பற்றவைத்திருக்கிறது என்று விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தார். "வெல்டிங் எங்கம்மா? இது ஒரே பீஸா இருக்கே?"

"பத்த வெச்சோம் சார். அப்பால வளர்ந்து மூடிகிச்சு" என்றார் ஜெய்புன்னிசா.

லக்ஷ்மிநாராயணன் சம்மட்டியால் நான்கு இடத்தில் ஓங்கி அடித்தார். கூண்டு அசையவில்லை. விதிப்புத்தகத்தில் கூண்டு உறுதியாக இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. எப்படி உறுதியானது என்று கேட்கவில்லை. படிவத்தில் 'இணைப்பு முறை' என்ற இடத்தில் 'வளர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் இருபத்துநான்கு வண்டிகள் கிளம்பின. அவற்றில் இருபத்துமூன்று தாழ்ந்தும் பளபளத்தும் இருந்தன. ஆம்னி நின்றுகொண்டே ஓடுவது போல உயரமாகப் போனது. எஞ்சின் சூடேறியதும் அதன் உடம்பிலிருந்து பதினெட்டு வருட மீன் வாசம் கிளம்ப, கடலோரத்திலிருந்து வெள்ளைக் கடற்பறவைகள் வந்து தலைக்குமேல் சேர்ந்துகொண்டன. அவை பன்னிரண்டு மணி நேரமும் பிரியவில்லை. ஒலிபெருக்கியில் பேசியவர் காலையில் "மீன்கார வண்டி வருது, கூடை எடுத்துட்டு வாங்க" என்று சிரித்தார். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் வேகமான வண்டிகள் ஒவ்வொன்றாகப் புகைந்தன. ஒன்றுக்கு டயர் உரிந்தது, ஒன்றுக்கு கியர் போனது. ஆம்னியின் டயர் தேய்ந்த அளவு வளர்ந்துகொண்டது. செங்கல்வராயன் ஓட்டிய மூன்று மணி நேரத்தில் எழுபத்தேழு சுற்றுகளும் ஒரே நேரக் கணக்கில் வந்தன. பிரதீபா அளந்துவிட்டு, தன் ஸ்டாப்வாட்ச் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார். மூன்று மணி வாக்கில் ஆம்னி பதினோராவது இடத்தில் இருந்தது. ஒலிபெருக்கிக்காரர் இப்போது அதைச் "செங்கல்பட்டு வண்டி" என்றார்.

நாலு இருபதுக்கு, ஜெய்புன்னிசா ஓட்டும்போது, பின்னால் வந்த சிவப்புக் கார் ஒன்று வளைவில் பிடி தவறி இடது பின்பக்கம் மோதியது. ஆக்ஸில் கம்பி முறிந்து, சக்கரம் தனியாக உருண்டு சவுக்கு வேலிக்குள் போனது. பறவைகளில் இரண்டு அந்தச் சக்கரத்தோடு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பின. வண்டியை இழுத்துவந்து நிறுத்தினார்கள். ஜெய்புன்னிசா இறங்கினார், இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அவர் முறிந்த கம்பியைப் பார்த்தார். அதன் நுனியில் ஏற்கெனவே ஒரு கடுகளவு முளை விட்டிருந்தது.

"பதினோரு நாள் ஆகும்" என்றார் பிரதீபா. கடிகாரத்தைப் பார்க்காமலே சொன்னார். மாற்றுக் கம்பி கொண்டுவரவில்லை. செங்கல்பட்டிலேயே பெரிய உதிரிபாகக் கடைக்காரர், இந்த வண்டிக்கு எதற்கு என்று ஒரு உதிரிபாகம்கூட எடுத்துவராமல் வந்திருந்தார். ஜெய்புன்னிசாவுக்கு அழுகை வந்தது. "இத்தினி வருஷமா இதுவேதான் எல்லாத்தையும் போட்டுகிச்சு. நம்ம கையால ஒண்ணு குடுத்ததில்ல. இன்னிக்கி அது கேக்குது, என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

பார்வையாளர் வாசலில் சரோஜா என்பவர் ஆம்னி வேன் ஒன்றின் பின்கதவைத் திறந்துவைத்து போண்டாவும் டீயும் விற்றுக்கொண்டிருந்தார். செய்யூர் கூட்டுரோட்டில் தினமும் அவருக்கு அதுதான் கடை. செங்கல்வராயன் வாழ்க்கையில் முதல்முறையாக ஓடினார். மூச்சு வாங்க நின்று விஷயத்தைச் சொன்னார். சரோஜா எண்ணெய்ச் சட்டியின் கீழ் அடுப்பை அணைத்தார். "காலைலேர்ந்து பாத்துகினுதான் கீறேன். இந்த மாதிரி வண்டில நான் போண்டா விக்கிறேன், அது அங்க ரேஸ் ஓடுது. எனக்கு எவ்ளோ பெருமையா கீது தெரியுமா? கழட்டிக்க அண்ணாத்த. சக்கரத்தோட எடுத்துக்க" என்றார்.

"நீங்க எப்டிம்மா வூட்டுக்குப் போவீங்க?"

"அது என் பாடு. நீ மொதல்ல கழட்டு."

சரோஜாவின் வேனைச் செங்கல் அடுக்கி நிறுத்திவிட்டு, கம்பியையும் சக்கரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்னொரு வண்டியின் உறுப்பை இது ஏற்குமா என்று யாருக்கும் தெரியாது. பிரதீபா கடுகளவு முளையை ஒரு நொடி பார்த்தார். பிறகு முறிந்த கம்பியை உருவி எடுத்தார். புதியதைச் செருகியபோது வேன் முழுவதும் ஒருமுறை சிலிர்த்தது. கண்ணாடிகள் கிணுகிணுத்தன. நட்டுகளை முடுக்கி முடிக்கும்போது மணி ஐந்து பதினெட்டு. கடைசி முறை ஓட்டவேண்டியவர் செங்கல்வராயன். அவர் தலைக்கவசத்தை ஜெய்புன்னிசாவிடம் நீட்டினார்.

"என் கை வீங்கிக் கீதுண்ணே."

"ஒரு கை போதும். எனக்கு முப்பத்தோரு வருஷமா ஸ்டியரிங்தான். இது உன் வண்டி, நீ போம்மா."

ஜெய்புன்னிசா போனார். முதல் இரண்டு சுற்றுகளில் வண்டி இடதுபக்கம் தயங்கியது, புதுச் செருப்புப் போட்ட ஆள் நடப்பது போல. மூன்றாவது சுற்றில் தயக்கம் நின்றது. ஐந்தரைக்கு எதிரே வந்த கடற்காற்றில் ஆம்னி அதுவரை ஓடாத வேகத்தில் ஓடியது. பார்வையாளர் மேடையில் செய்யூர்க்காரர்கள், கல்பாக்கத்துக் குடும்பங்கள், சதுரங்கப்பட்டினத்திலிருந்து லாரி பிடித்து வந்த மீனவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். சரோஜா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வேலியில் ஏறி நின்றார். ஆறு மணி ஒன்றரை நிமிடத்துக்குத் தலைக்குமேல் நூற்றுக்கணக்கான பறவைகளோடு செங்கல்பட்டு வண்டி தன் சொந்த பலத்தில் கோட்டைக் கடந்தது. இருநூற்று எழுபத்தோரு சுற்று. முடித்தவை பதின்மூன்று, அதில் இது பன்னிரண்டாவது. வென்ற அணிக்கு அன்று யாரும் சரியாகக் கைதட்டவில்லை. அவர்களும் ஆம்னிக்குத்தான் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெய்புன்னிசா இறங்கி, வீங்கிய கையை வண்டியின் முகத்தில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். செங்கல்வராயன் அழுதார், வெயில் என்றார். லக்ஷ்மிநாராயணன் ஓடிவந்து புதுச் சக்கரத்தைச் சோதித்தார். நட்டுகள் அதற்குள் உடம்போடு ஒட்டியிருந்தன; எந்த ஸ்பேனருக்கும் அசையவில்லை.

சரோஜாவின் வேனை அன்று லாரியில் ஏற்றிக் கூட்டுரோட்டில் இறக்கிவிட்டார்கள். கைவீக்கம் வடிய ஜெய்புன்னிசாவுக்கு இரண்டு வாரம் பிடித்தது. வடிந்ததும் கடையிலிருந்து புது ஆக்ஸில் கம்பியும் புதுச் சக்கரமும் எடுத்துக்கொண்டு, பிரதீபாவையும் அழைத்துக்கொண்டு, செய்யூர் பஸ் பிடித்துப் போனார். சரோஜா போண்டா போட்டுக்கொண்டிருந்தார். வேன் நான்கு சக்கரத்தில் நின்றது. இடது பின்சக்கரத்தின் ரப்பர் மட்டும் மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் இளசாக, லேசான பச்சையில் இருந்தது.

"வேற போட்டுட்டீங்களா?" என்றார் ஜெய்புன்னிசா.

"போடலம்மா, முளைச்சிடுச்சு" என்றார் சரோஜா. "பதினோரு நாளாச்சு. உக்காருங்க, டீ போடுறேன். சக்கரை எப்டி?"

பிரதீபா கருவியை எடுக்கப் பைக்குள் கைவிட்டார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு, தனக்குச் சர்க்கரை கம்மி என்றார்.