குனிய ஆள் தேவை

எட்டுக் கிரகங்கள் ஒன்றுசேர்ந்து பிப்ரவரியில் உலகம் அழியப்போகிறது என்று திருச்சி முழுக்கப் பேசிக்கொண்டிருந்த 1962 ஜனவரியில், எங்கள் வாசகர் மன்றம் ஒரு கண்காட்சி நடத்தத் தீர்மானித்தது. அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டம் அமலுக்கு வந்து அந்த மாதத்தோடு நூறு வருஷம் என்பதை ஸ்ரீரங்கத்து வக்கீல் தேசிகாச்சாரி கண்டுபிடித்துச் சொன்னார். உலகம் அழிவதற்குள் விழாவை முடித்துவிடலாம் என்றார் தலைவர் அருள்நாதன். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவர் வாயைத் திறந்தால் எங்களுக்குப் பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி.

மன்றத்தின் செயலாளர் நான், ஸ்தனிஸ்லாஸ். பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. செயலாளர் என்றால் கூட்டத்துக்கு முன்னால் நாற்காலி போட வேண்டும், முடிந்ததும் எடுத்து அடுக்க வேண்டும். நடுவில் நன்றியுரை சொல்லலாம். அதற்குள் ஜனங்கள் செருப்பைத் தேடப் போயிருப்பார்கள்.

மார்கழியில் கல்யாணம் கிடையாதாகையால் தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் சும்மாக் கிடைத்தது. 'குடும்பத்தோடு வருக, அனுமதி இலவசம்' என்று நோட்டீஸ் அடித்தோம். கால்விலங்கு, சாட்டை, அடிமைகளை விற்ற பத்திரங்களின் நகல் என்று சாமான்களும் சேர்ந்துவிட்டன. ஆனால் எல்லாம் மேஜைமேல் படுத்துக் கிடந்ததில் தலைவருக்குத் திருப்தியில்லை. குழந்தைகள் வருவார்கள், உயிரோடு ஏதாவது இருக்க வேண்டும் என்றார். ஆண்டை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, எதிரே பண்ணையாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நிற்கிற காட்சி. இரண்டு பேரும் கொலுப் பொம்மை மாதிரி அசையாமல் இருக்க வேண்டும்.

ஆண்டை வேஷத்துக்கு ஏகப் போட்டி. கமிட்டியில் ஒவ்வொருவரும் அந்த நாற்காலிக்குத் தான்தான் பொருத்தம் என்று நினைத்தார்கள், நான் உட்பட. தொப்பையை வைத்து வக்கீலைத் தேர்ந்தெடுத்தார்கள். பண்ணையாள் வேஷத்துக்கு ஒரு கைகூட எழவில்லை.

"அசல் ஆளையே கூட்டி வந்துவிடலாமே" என்றார் தலைவர். அடிமைத்தனத்தின் முடிவைக் கொண்டாடக் கூடியிருந்த நாங்கள் அத்தனை பேரும் அதற்குத் தலையாட்டினோம். எல்லோரையும்விட நான் ஒரு ஆட்டு கூடுதலாகவே ஆட்டினேன்.

அசல் ஆள் எனக்குத் தெரிந்தவர்தான். காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் பிச்சை. லால்குடிப் பக்கம் ஒரு பண்ணையில் பிறந்து வளர்ந்து, கல்யாணமான கையோடு டவுனுக்கு வந்துவிட்டவர். நான் போய் விஷயத்தை ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் "சரிங்க சார்" என்றுவிட்டார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு யாரும் இடம் கொடுத்ததில்லை என்பது பஸ்ஸில் தோன்றவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை. பிச்சை தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். அவ்வளவுதான் செய்தார், ஆள் பாதியாகிவிட்டார். "போதும் பிச்சை, நிமிரலாம்" என்றார் தலைவர். பிச்சை நிமிரவில்லை. நானும் சொல்லிப் பார்த்தேன். நாற்காலியில் இருந்த வக்கீல், தொண்டையைச் செருமி, "போப்பா" என்ற பிறகுதான் உடம்பு அசைந்தது. அப்போதும் முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து போய்ச் சுவரில் இடித்துக்கொண்டார். வக்கீலுக்கு முகமெல்லாம் வியர்வை. தலைவர் மட்டும் பிரமாதம் என்றார்.

மறுநாள் காலை மண்டபத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது கீரைக் கூடையோடு ஒரு அம்மாள் வந்து நின்றார். பிச்சையின் மனைவி வீராயி. இங்கே செயலாளர் யார் என்று கேட்டார். கமிட்டி மொத்தமும் என்னைக் காட்டியது. அவ்வளவு ஒற்றுமையை எங்கள் மன்றத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அவரு வர மாட்டாரு சார்" என்றார் வீராயி.

தலைவர் முன்னால் வந்து, இது சரித்திரம், வருங்காலக் குழந்தைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று சின்னதாக ஒரு பிரசங்கம் செய்தார். வீராயி கூடையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முழுசாகக் கேட்டார். பிறகு தன் மகள் வள்ளிக்கண்ணுவைப் பற்றிச் சொன்னார். திருச்சியில் பிறந்த பிள்ளை, மூணாம் கிளாஸ் படிக்கிறது. அப்பா ஒருத்தர் முன்னால் குனிந்து நின்று அது பார்த்ததே இல்லை. பார்க்கவும் விடப்போவதில்லை.

"நேத்து சோறு திங்க உக்காந்தப்பகூட துண்டு இடுப்புலயே இருந்துச்சுங்க. அவுத்து வைங்கன்னேன். எதைன்னு என்னையே கேக்குறாரு."

"நடிப்புதானே அம்மா?" என்றார் தலைவர்.

"உங்களுக்கு நடிப்புங்க." வீராயி குரலை உயர்த்தவே இல்லை. "மூட்டைக்குக் குனியறாரு, அது பொழப்பு. ஆளுக்குக் குனிய மாட்டாரு. புள்ளைங்க பாத்தே ஆகணும்னா உங்கள்ல யாராச்சும் குனிஞ்சு காட்டுங்க."

கிளம்பியவர், வாசலில் அடுக்கியிருந்த நோட்டீஸில் ஒன்றை எடுத்துக் கூடையில் செருகிக்கொண்டார். "குடும்பத்தோட வரச் சொல்லி இதுல போட்டிருக்காமே. மத்தியானம் வரோம். பாக்குறதுக்கு."

அவர் போன பின்பு கமிட்டியில் ஒரு தொற்றுநோய் பரவியது. பொருளாளருக்கு இடுப்புப் பிடிப்பு. துணைச் செயலாளருக்கு அக்குளில் கட்டி. தலைவருக்கு வயசு. என் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். எங்கள் மாதா கோயில் பாஸ்கா நாடகத்தில் வருஷா வருஷம், இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்கிற பிலாத்துவுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நிற்கிறவன் நான். ஒரு வசனம் கொடுத்ததில்லை. அசையாமல் நிற்பதில் அனுபவசாலி என்று அன்றைக்குத்தான் என் கலைக்கு ஒரு மரியாதை கிடைத்தது.

சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டி, குனிந்தேன். கதவைத் திறந்தார்கள். கூட்டம் வந்தது. ஒரு பெண்மணி, "பாவம், வயித்து வலி போலிருக்கு, யாராச்சும் சோடா குடுங்களேன்" என்றார். ஒரு குழந்தை என் முதுகில் முறுக்கை வைத்துவிட்டுப் போயிற்று.

குனிந்து நிற்கிறவனுக்கு முகம் எதுவும் தெரியாது. கால்கள்தான் தெரியும். மத்தியானம் மூன்று ஜோடிக் கால்கள் வந்தன. நடுவில் இருந்தவை சின்னக் கால்கள், புதுச் செருப்பு. ஒரு பக்கம் மெட்டி. இன்னொரு பக்கம் மூட்டை சுமந்து அகலமாகிப்போன பாதங்கள்.

அந்தப் பாதங்கள் வக்கீலின் நாற்காலிக்கு நேரே வந்ததும் நின்றன. வக்கீல் சரிகை அங்கவஸ்திரத்தோடு, வெள்ளிப்பூண் தடியோடு உட்கார்ந்திருந்தார். அகலப் பாதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரு அடி பின்னால் போயின. பிறகு துண்டின் நுனி ஒன்று மெல்ல இறங்கி என் கண்ணுக்குத் தெரிந்தது. அதை இடுப்பில் கட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வசனம் இல்லை.

"அப்பா, இந்த மாமா ஏன் இப்படி நிக்கிறாரு?"

துண்டு நின்றது.

"முன்னாடியெல்லாம் அப்படித்தான் நிக்கணும்."

"யாரு நின்னா?"

மெட்டிக் கால்கள் அகலப் பாதங்களுக்குப் பக்கத்தில் வந்து ஊன்றிக்கொண்டன. "சொல்லுங்க" என்றார் வீராயி. "புள்ள கேக்குதுல்ல. நிமுந்து நின்னு சொல்லுங்க."

ஒட்டியிருந்த பாதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகி நின்றன. துண்டின் நுனி மேலே போய்க் கண்ணுக்கு மறைந்தது.

"நான்தான் நின்னேன். எங்கப்பாவும் நின்னாரு."

அப்புறம் அவர் மகளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். விடியுமுன் கொம்பு ஊதினால் களத்தில் நிற்க வேண்டியது, காய்ச்சலில் ஒருநாள் தான் தாமதமாகப் போனது, அதற்காக அவர் அப்பா வெயிலில் இதே மாதிரி நின்றது. மெதுவாகத்தான் சொன்னார். என்னைச் சுற்றிக் கால்கள் கூடிக்கொண்டே வந்தன. மேஜைமேல் சாட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த கால்கள்கூட இங்கே வந்துவிட்டன.

"அப்புறம்?" என்றது வள்ளிக்கண்ணு.

"அப்புறம் என்ன, உங்கம்மா வாங்க போலாம்னா. வந்துட்டோம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிச்சை என் பக்கம் திரும்பினார். "சார், போதும். நிமிருங்க."

நான் நிமிரவில்லை. எவ்வளவு தத்ரூபம் என்று பின்னால் ஒரு குரல் மெச்சியது. தத்ரூபமாவது ஒன்றாவது, முதுகு பிடித்துக்கொண்டுவிட்டது. விஷயம் பிச்சைக்குப் புரிந்துவிட்டது. ஒரு கையை என் இடுப்பிலும் இன்னொரு கையை நெஞ்சிலும் கொடுத்து, சரிந்த மூட்டையை நிறுத்துகிற மாதிரி ஒரே தூக்கில் என்னை நிறுத்தினார். மடக்கென்று ஒரு சத்தம். அதுவும் காட்சியில் சேர்ந்தது என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். வள்ளிக்கண்ணு குதித்துக் குதித்துத் தட்டியது.

வீராயி தட்டவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு மத்தியானத்துக்கே இப்படியா?" என்றார்.

அடிமைத்தனம் ஒழிந்ததற்கு விழா எடுத்த நாங்கள், ஒழிந்ததைக் காட்ட மறந்திருந்தோம். மறுநாளிலிருந்து காட்சி மாறியது. மார்க்கெட் வேலை முடிந்ததும் பிச்சை வந்து எனக்குப் பக்கத்தில் நின்று, வருகிற குடும்பங்களுக்கெல்லாம் சொன்னார். துண்டு தோளில். சொல்லி முடித்ததும் "சார், நிமிருங்க" என்பார், நான் நிமிர்வேன். குழந்தைகள் மறுபடி ஒருதரம் என்று கேட்டால் மறுபடி குனிவேன். தைலச் செலவை மன்றம் ஏற்கவில்லை.

கடைசி நாள் சாயங்காலம், பிச்சை ஒரு பெரிய குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாற்காலியில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்த வக்கீல் உதட்டை அசைக்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"ஓய் ஸ்தனிஸ்லாஸ், உம்மைத்தான் நிமிரச் சொல்லிடறார். நான் எப்போ எழுந்துக்கலாம்னு அவரைக் கேட்டுச் சொல்லுமேன்."