நின்ற இடம்

என் வகுப்பில் பிரம்புக்கு ஓய்வு கிடையாது. கணக்கு வாத்தியார் அடித்தால் ஊர் ஒத்துக்கொள்ளும். டிராயிங் மாஸ்டர் அடித்தால், 'படம் வரலைன்னா பிள்ளையை அடிக்கணுமா' என்று கேட்கும். கேட்டால் கேட்கட்டும் என்று நான் அடித்தேன். மேசைமேல் செம்பு இருந்தால் அந்தச் செம்பைத்தான் வரைய வேண்டும். வீட்டுச் செம்பை நினைத்துக்கொண்டு வரைகிற பயலுக்கு விரல் முட்டியில் ஒன்று விழும்.

"கண்ணு எதுக்குலே இருக்கு? பாத்ததை வரை. பாக்காததைத் தொடாதே." பன்னிரண்டு வருஷமாக நான் சொல்லிக்கொடுத்த மொத்தப் பாடமே இதுதான்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். படத்தின் அடியில் 'நின்ற இடம்' என்று போட்டு, எங்கே இருந்து பார்த்தான் என்பதைப் பையன் எழுத வேண்டும். எழுதாத படத்துக்கு மார்க் இல்லை.

நான் இடதுகைக்காரன். சின்ன வயதில் என்னை அடித்து அடித்துச் சாப்பாட்டை மட்டும் வலதுகைக்கு மாற்றினார்கள். எழுத்தும் படமும் பிரம்பும் இடதுகையிலேயே நின்றுவிட்டன. என் வகுப்புப் பையன்கள் முப்பது பேருக்கும் இது தெரியும். அவர்கள் முட்டிக்கும் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம், மார்ச்சு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சுதேசித் தலைவர்களைச் சிறையில் போட்ட சேதி வந்து, திருநெல்வேலியில் கடைகள் எல்லாம் அடைத்துவிட்டார்கள். முனிசிபல் ஆபீஸ் எரிந்தது. மண்ணெண்ணெய் பற்றிக்கொண்டு வானமே கறுத்துப்போயிற்று. நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். போலீஸ் சுட்டது. என் பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். விரலிடுக்கில் ரத்தம் பீறிட்டு என் வேட்டியில் தெறித்தது. கீழே கிடந்த கருங்கல்லை எடுத்து வீசினேன். ஒரு கான்ஸ்டபிளின் கண்ணில் போய் விழுந்தது. அவன் அலறியது காதில் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகுதான் ஓடினேன்.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். எந்த லீவு முடிந்து வந்தாலும் 'லீவில் கண்ட ஒன்று' என்று வரையச் சொல்வது என் வழக்கம். அன்றைக்கும் வாய்ப்பழக்கத்தில் அதையே சொல்லித் தொலைத்தேன். கோபுரம் வரைந்தான் ஒருவன், ஆற்றுப் படித்துறை வரைந்தான் ஒருவன். பேட்டையில் தறி நெய்கிறவர் மகன் மதார் மட்டும் வெள்ளிக்கிழமையை வரைந்திருந்தான்.

வண்டிக்காரர் கிடந்தார். கான்ஸ்டபிள் முகத்தைப் பொத்திக்கொண்டு சாய்ந்தான். நடுவில் முதுகைக் காட்டி நிற்கிற ஒரு ஆள், கல் எடுத்த இடதுகையை ஓங்கியிருந்தான். அடியில், 'நின்ற இடம்: வளையல்கடைப் படி' என்று எழுதியிருந்தது.

"யாருலே இது?" என்று பையக் கேட்டேன்.

"முகம் தெரியல சார்வாள். முதுகுதான் தெரிஞ்சுது" என்றான் மதார். சொல்லும்போது என் இடதுகையைப் பார்த்தான்.

அப்போதே அடுப்பில் போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தோள்! கை ஓங்கும்போது தோள்பட்டை ஏறுகிற ஏற்றத்தை, சட்டை இழுபடுகிற இழுப்பை அந்தப் பதிமூன்று வயதுப் பயல் பிடித்திருந்தான். எனக்கே அப்படி வராது. கிழிக்க மனசு வராமல் மேசை டிராயருக்குள் வைத்தேன். வாத்தியார் புத்தி.

நாலாம் நாள் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். சுதேசி நோட்டீஸ் ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொரு வகுப்பாகக் குடைந்துகொண்டு வந்தவர், என் டிராயரையும் இழுத்தார். படம் கையில் அகப்பட்டது.

"இவனைத்தான்வே தேடுதோம். எங்க ஆளுக்கு ஒரு கண்ணு போச்சு. பீச்சாங்கைக்காரன்னு அவனும் சொல்லுதான்" என்றவர், படத்தில் இருந்த பெயரைப் படித்து மதாரை முன்னால் இழுத்தார். "யாருலே இது?"

"யாரும் இல்லய்யா. மனசுல தோணுனதை வரைஞ்சேன்."

அறை விழுந்தது. பையன் பெஞ்சில் மோதி விழுந்தான். உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம்.

"நின்ன இடம்னு எழுதியிருக்கே?"

"சும்மா எழுதுனேன்."

பூட்ஸ் காலால் விலாவில் ஒரு உதை. பையன் சுருண்டான். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "ஓய் மாஸ்டர், இல்லாததை வரையுத பயலா இவன்?"

மதாரை நான் ஒருநாளும் தொட்டதில்லை. அடிப்பதற்கு அவன் இடமே கொடுத்ததில்லை. ஆனால் என் வாய் சொல்லிற்று: "ஆமாய்யா. கற்பனைக்காரப் பய. எத்தனையோ தடவை அடிச்சிருக்கேன்."

"வெள்ளிக்கிழமை நீரு எங்க நின்னீரு?"

"நான் அங்கன இல்ல."

"அப்பம் போலீசுமேல பொய்ப்படம் போட்டிருக்கான். பன்னெண்டு அடி. நீரே குடும், நான் எண்ணுதேன்."

பிரம்பு மேசைமேல் கிடந்தது. என் இடதுகை அதன் பக்கம் போய்விட்டது. நல்லவேளை, பாதியில் நின்றது. முப்பது பையன்களும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வலதுகையால் பிரம்பை எடுத்தேன்.

பழகாத கை. உள்ளங்கைக்கு ஓங்கினால் மணிக்கட்டில் விழுந்தது. அடுத்தது நகக்கண்ணில் விழுந்தது. அடி எங்கே விழும் என்று எனக்கே தெரியவில்லை. ஐந்தாவது அடியில் சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரல் சுள்ளி முறிகிற மாதிரிச் சத்தம் போட்டது. மதார் ஓவென்று கத்தினான். கையை மட்டும் இழுக்கவில்லை. அவன் தன் கையைப் பார்க்கவே இல்லை. பிரம்பு பிடித்த என் வலதுகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னவே, அடிக்கக்கூடத் தெரியல உமக்கு?" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஆறு."

பன்னிரண்டும் கொடுத்தேன். பின்பெஞ்சில் ஒருவன் விம்மினான். ஒரு பயலாவது, 'சார்வாள் இடதுகைக்காரர்' என்று சொல்லிவிடுவான் என்று ஒவ்வொரு அடிக்கும் நடுங்கினேன். யாராவது சொல்லிவிட மாட்டானா என்று ஏங்கினேன் என்பதும் உண்மை. நானே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. நான் கோழை. இன்ஸ்பெக்டர் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

எட்டாம் நாள் மதார் வகுப்புக்கு வந்தான். வலதுகையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. நான் மேசைமேல் செம்பை வைத்தேன். அவன் பென்சிலை இடதுகையில் பிடித்துக் கோணல் கோணலாக வரைய ஆரம்பித்தான். குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

"செம்பைப் பாத்து வரைலே" என்றேன்.

"வேண்டாம் சார்வாள். பாத்தா அடிப்பிய."

மணி அடித்ததும் தாளை என்னிடம் நீட்டினான். அந்தச் செம்புக்கும் மேசைமேல் இருந்த செம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடியில், நடுங்குகிற எழுத்தில், 'நின்ற இடம்: நான் அங்கன இல்ல' என்று எழுதியிருந்தான்.

மார்க் போடுவதற்குப் பென்சிலைத் தேடினேன். முப்பது பையன்களும் தலையைத் தூக்கி, நான் அதை எந்தக் கையால் எடுக்கப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.