வெட்டுமுகம்

கண்ணாடித் தட்டில் கிடந்த இரண்டு பசைத் துண்டுகளைப் பார்த்ததுமே வெட்டியது யாரென்று தெரிந்துவிட்டது. நான் பிளேடை இழுத்து வெட்டுவேன். அவர் அழுத்தி வெட்டுவார், விளிம்பு பிதுங்கியிருக்கும்.

“காலையிலேயே வெட்டி வச்சுட்டேன். வந்தவங்களுக்கு நேரம் இல்ல,” என்றார் என் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில். பசையைச் சோதித்துப் பார்க்கத் துறைமுகத்திலிருந்து வந்த மூவரும் ஏற்கெனவே மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

அவர் ஆய்வுக்கூடத்தின் தலைவர், என் கணவர். இங்கே ‘சார்’, வீட்டில் ‘என்னங்க’. வாசலைத் தாண்டும்போது நாக்கு தானாகவே மாற்றிக்கொள்ளும்.

பசை நான் செய்தது. பால் விடாத தேநீர் நிறம், தொட்டால் காதுமடல் போல மெத்தென்றிருக்கும். கப்பலின் அடிப்பக்கத்தில் விழும் விரிசலை, உப்புத் தண்ணீருக்குள், கடுங்குளிரில் அடைப்பதற்காக. மற்ற பசைகளைப் போல இது ஒரேயடியாக இறுகிவிடாது. உள்ளே மூலக்கூறுகள் கைகோத்து நிற்கின்றன, அவ்வளவுதான். விடும், மறுபடி பிடிக்கும். குறுக்கே வெட்டினால் வெட்டுமுகத்தில் அந்தக் கைகள் அந்தரத்தில் நிற்கும். உடனே சேர்த்தால் எதிர்ப்பக்கத்துக் கையைப் பற்றிப் பழையபடி ஒன்றாகிவிடும். தாமதித்தால் தன் பக்கத்திலேயே அண்டையில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது.

இது புரிவதற்குள் எனக்கு ஒரு வருஷம் போயிற்று. பாத்திரம் கழுவிக்கொண்டே அவரிடம் இதே கைக் கதையைச் சொல்லியிருக்கிறேன். “ம்” என்பார். அன்று காலையிலும் சொன்னேன்.

“வெட்டாம வைங்க. அவங்க முன்னாடிதான் வெட்டணும்.”

“சரி, சரி. நீ அம்மாவக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. இங்க நான் பாத்துக்கறேன்,” என்றார், வண்டிச் சாவியைத் தேடியபடி.

வந்தவர்கள் சரியென்றால் பசை துறைமுகத்துக்குப் போகும். நிஜக் கப்பல், நிஜ விரிசல். கூட நான் போவதாகத்தான் பேச்சு. மனசுக்குள் பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

அவர் இரண்டு துண்டுகளையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் சேர்த்து அழுத்தினார். தூக்கினார். கீழ்த்துண்டு கழன்று விழுந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் விழுந்தது. வந்தவர்களில் மூத்தவர், பல வருஷம் கப்பல் பழுது பார்த்தவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“கலவை வீட்டம்மா கை,” என்று சிரித்தார் என் கணவர். “குழம்புல உப்பு மறக்கிற மாதிரி இதுலயும் எதையோ விட்டுட்டாங்க போல.”

எல்லோரும் சிரித்தார்கள். பழக்க தோஷம், நானும் சிரித்துவைத்தேன்.

“ஒரு நிமிஷம், சார்.”

பிளேடை எடுத்தேன். இரண்டு முகத்திலும் வெங்காயத் தோல் அளவுக்குச் சீவி எறிந்தேன். தண்ணீருக்குள் சேர்த்துப் பிடித்தேன். பிறகு இரும்பு எடைக்கல்லைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டேன். பசை கொஞ்சம் நீண்டது. விடவில்லை.

மூத்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டுத் தானே இழுத்துப் பார்த்தார். “இப்ப மட்டும் எப்படிம்மா ஒட்டுச்சு?”

நான் வாயைத் திறந்தேன். பதில் என் கணவரிடமிருந்து வந்தது.

“புது வெட்டா இருக்கணும் சார். உள்ள மூலக்கூறுங்க கைகோத்து நிக்குது. வெட்டினா கை அந்தரத்துல நிக்கும். நேரமானா பக்கத்துல இருக்கிறதப் பிடிச்சுக்கும்...”

என் வார்த்தைகள். நான் சொன்ன வரிசையில், ‘அந்தரத்துல’ உட்பட. அவர் காதில் விழவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் ஒரு சமாதானம் இருந்திருக்கிறது. ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“பிரமாதம். துறைமுகத்துக்கு யார் வர்றீங்க?” என்றார் மூத்தவர்.

“நான்தான். இவங்களால முடியாது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் இருக்கு.”

“டாக்டர் இப்ப வேண்டாம்னுட்டார். மழைக்காலம் முடியட்டும்னார்,” என்றேன்.

“அத வீட்ல பேசிக்கலாம்மா.”

மூவரும் தொட்டியையே பார்த்தார்கள். மூத்தவர் மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அதோடு முடிந்தது.

வீட்டில் பேசவில்லை. அத்தைதான் விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“என் கண்ண வச்சா தப்பிச்சான்? நல்ல பிள்ளையப் பெத்தேன்,” என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு கணம் நானும் ஒண்டிக்கொண்டேன். சிரித்து முடித்து, “போகட்டும் விடு. கப்பலுக்கு அடியில உனக்கு என்ன வேலை? ஒட்டிச்சின்னா உன் புருஷனுக்குத்தான பேரு. வேற யாருக்காம்?” என்றார்.

அவர் கிளம்பும்வரை ஒவ்வொரு இரவும் எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று. சொன்னால் என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அழுவதா, கத்துவதா என்பதுவரை. அவர் பெட்டியை நான்தான் அடுக்கினேன். புது பிளேடுகளும் வைத்தேன்.

பசை கப்பலில் நன்றாகவே பிடித்தது. அவர் வெயிலில் கறுத்து, சந்தோஷமாகத் திரும்பிவந்தார். பெட்டியை இறக்கி வைத்ததும் நேரே சமையலறைக்கு வந்தார்.

“அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. குழம்பு, உப்புன்னெல்லாம். போகவும் நீதான் போயிருக்கணும். அங்க தண்ணிக்கு மேல நின்னுக்கிட்டு அதையேதான் நினைச்சேன்.”

மனசார வந்த பேச்சு. அவர் குரல் எனக்குத் தெரியும். எனக்குள் வலித்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். ஒத்திகை பார்த்த அழுகையையும் தேடினேன். அகப்படவில்லை.

“பரவால்ல,” என்றேன்.

“அவ்வளவுதானா? நீ என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவேன்னு பயந்துக்கிட்டே வந்தேன்.” நிம்மதியாகச் சிரித்து என் தோளில் கை வைத்தார். கை இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொண்டார்.

நான் அடுப்பை அணைத்தேன்.

“சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா, சார்?”

வேடிக்கை என்று நினைத்து, கூடத்திலிருந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று சொல்லவில்லை. நாக்கு தானாக எடுத்துக் கொடுத்தது.