குடை என்று பெயர் வைத்தவர்

தைனான் நகரில் கால்வாயை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஐந்து பேர் சேர்ந்து வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் நிரல் எழுதுகிறவள் ஜியென் ஷூமின். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள். அந்தப் பெயருக்கு ஒரு கீறலும் விழாமல் பார்த்துக்கொள்கிறவள்.

அவர்கள் செய்த விளையாட்டின் பெயர் 'உப்பளம்'. கடலோரத்தில் பாத்தி கட்டி, கடல்நீரைப் பாய்ச்சி, வெயிலுக்குக் காத்திருந்து உப்பு வார வேண்டும். நடுவில் மழை வந்துவிட்டால் அத்தனையும் கரைந்து போகும். அந்த மழைதான் ஷூமினின் பெருமை. துளி விழுவதும், பாத்தியில் வட்டம் வட்டமாக விரிவதும், தகரக் கூரையில் சத்தம் ஏறுவதும் எல்லாம் அவள் எழுதியவை. மழையைப் பார்க்கவே இதை வாங்கினேன் என்று எழுதியவர்கள் உண்டு.

விளையாட்டு வெளியான முதல் வருடம், இணையத்தில் அவர்கள் வைத்திருந்த வாசகர் பக்கத்தில் 'பாகற்காய்' என்ற புனைபெயரில் ஒருவர் எழுத ஆரம்பித்தார். அவர் விண்டோஸ் வைத்துக்கொள்ளாதவர். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓட்டிப் பார்க்கிறார். மழை தொடங்கியதும் திரை உறைந்து நின்றுவிடுகிறதாம். முதல் கடிதம் ஒரு பக்கம், இரண்டாவது மூன்று பக்கம். மூன்றாவது அதைவிட நீளம். ஒவ்வொன்றும் 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்றுதான் தொடங்கும்.

மூன்றாவதை ஷூமின் படிக்கவேயில்லை. அன்றைக்கு வேறு நூறு தலைவலிகள். எல்லாரும் பார்க்கும்படி அதன் கீழேயே பதில் எழுதினாள்:

"உலகத்தில் லினக்ஸில் கேம் ஆடுகிறவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் இரண்டு பேர் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள். பென்குயின் சார், தயவுசெய்து ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வாருங்கள். மழையை நேரிலேயே காட்டுகிறேன்."

பென்குயின் லினக்ஸின் சின்னம். பதில் பிய்த்துக்கொண்டு ஓடியது. அலுவலகத்தில் படம் வரைகிற பெய்ச்சி அதைக் கேலிப்படமாகவே போட்டுவிட்டாள்: கையில் கடிதக் கட்டு, கண்ணாடி போட்ட பென்குயின். எங்கெங்கோ பகிர்ந்தார்கள். பாகற்காய் வேறு எந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டாலும், எவனாவது வந்து அந்தப் படத்தை ஒட்டிவிட்டுப் போனான். கொஞ்ச நாளில் அவர் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். ஷூமின் அவரை மறந்தே போனாள்.

மூன்று வருடம் போனது. அதற்குள் உலகம் இவளைக் கேட்காமலே மாறிவிட்டது. விண்டோஸுக்கென்று செய்த விளையாட்டுகளை ஓர் எழுத்துகூட மாற்றாமல் லினக்ஸில் ஓட்டிவிடுகிற மொழிபெயர்ப்பு நிரல்கள் வந்தன. இவற்றில் பெரும்பகுதியை எழுதியவர்கள் முகம் தெரியாத ஆட்கள், பலர் ஓய்வு நேரத்தில் எழுதியவர்கள். பிறகு கையில் பிடித்து விளையாடும் இயந்திரங்கள் வந்தன. அவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ்தான் என்பது வாங்கியவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. ரயிலில் எதிர் இருக்கையில் இருப்பவர், பல் மருத்துவரிடம் காத்திருப்பவர், எல்லார் கையிலும் அது. அவர்களும் 'உப்பளம்' வாங்கினார்கள். மழை வந்தது, திரை உறைந்தது. திட்டித் தீர்த்தார்கள்.

"ஷூமின், இந்த வாரம் வந்த விமர்சனம் எல்லாத்தையும் பாத்தியா?" என்றார் லியாவ். ஐந்து பேருக்கும் மூத்தவர், நிறுவனத்தைத் தொடங்கியவர். "மழை வந்தா மெஷின் செத்துப் போவுதாம். உப்பு போனாக்கூடப் பரவால்ல, மெஷினே போவுதுன்னு எழுதியிருக்கான்."

"அது அவங்க மெஷின் கோளாறுண்ணே."

"மத்த கேம் எல்லாம் ஓடுதாமே?"

ஷூமின் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கண் வீங்க உட்கார்ந்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. பெய்ச்சி தினமும் கீழே போய் சோயா பால் வாங்கிவந்து மேஜையில் வைத்துவிட்டு, பூனை மாதிரி ஓசையில்லாமல் போவாள். பதினைந்தாவது நாள் காலையில்தான் ஷூமினுக்குப் பழைய வாசகர் பக்கத்தைத் தேடிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பாகற்காயின் மூன்றாவது கடிதத்தைத் திறந்தாள்.

எல்லாம் அதில் இருந்தது. 'உங்கள் நிரலை நான் பார்க்க முடியாது. வெளியிலிருந்து கவனித்த அளவில் சொல்கிறேன். மழையின் சத்தமும் மழையின் படமும் நினைவகத்தில் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் எடுக்க வருகின்றன. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயிலை விட்டதுபோல. விண்டோஸில் அவை மோதிக்கொள்வது அபூர்வம், ஆனால் மோதலாம். ஒரு பூட்டு போட்டால் போதும் என்று நினைக்கிறேன்.' கீழே நான்கு வரி நிரல். அந்தப் பூட்டுக்கு 'குடை' என்று பெயர் வைத்திருந்தார்.

ஷூமினுக்குக் காது மடல் வரை சூடேறியது. கோளாறு லினக்ஸில் இல்லை. அவளுடைய மழையிலேயே இருந்தது, முதல் நாளிலிருந்து. கடிதம் முழுவதையும் தன் கோப்பு ஒன்றில் ஒட்டி வைத்துக்கொண்டாள். நான்கு வரியையும் அப்படியே எடுத்துத் தன் நிரலில் சேர்த்தாள். பெயரை மாற்றக்கூட அவகாசம் எடுத்துக்கொள்ளவில்லை. கையடக்க இயந்திரத்தில் ஓட்டினாள். மழை பெய்தது. பெய்துகொண்டேயிருந்தது.

எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். லியாவ் தோளைத் தட்டி, "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார்.

சொல்வதற்கு அதுதான் நேரம். ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது.

"நூல் பிடிச்ச மாதிரி போய்க்கிட்டே இருந்தேண்ணே," என்றாள் ஷூமின். "கடைசியில சிக்கிருச்சு."

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. புதிய பதிப்பின் குறிப்பில் லியாவ் அவள் பெயரைப் போட்டார். விளையாட்டை விற்கும் இணையக் கடையில் 'கையடக்க இயந்திரத்தில் நன்றாக ஓடும்' என்ற பச்சைக் குறி விழுந்தது. ஆகஸ்டில் தைபேயில் நடக்கிற நிரலாளர் கூட்டத்துக்குப் பேச அழைத்தார்கள். தலைப்பை அவளே கொடுத்தாள்: 'எங்கள் மழையை லினக்ஸுக்குக் கொண்டுபோன கதை.'

பல்கலைக்கழக அரங்கம். முன்னூறு பேர் இருந்திருப்பார்கள். நன்றாகத்தான் பேசினாள். இரண்டு வாரம் பட்ட பாட்டைச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். கடைசியில் அந்த நான்கு வரியைத் திரையில் போட்டாள். ஓர் இளம்பெண் எழுந்து கேட்டாள்: "அக்கா, பூட்டுக்கு எதுக்கு குடைன்னு பேரு?"

ஷூமின் அந்தச் சொல்லை இவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்ததில்லை.

"நான் தைனான் பொண்ணு," என்றாள். "எங்க ஊர்ல வெயில்னாலும் குடை, மழைன்னாலும் குடை. பை இல்லாம வெளிய போவோம், குடை இல்லாம போக மாட்டோம். மழைக்குப் பூட்டு போடணும்னதும் வேற பேரே தோணல."

அரங்கம் கலகலத்தது. கை தட்டினார்கள்.

பேச்சு முடிந்ததும் மேடைக்குக் கீழே ஒரு சிறு வரிசை நின்றது. கடைசியில் நின்றவர் ஐம்பது தாண்டியவர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார்.

"நல்லா பேசினீங்க," என்றார். "என் பேரு ஜுங் மாவ்ஷெங். தைதுங் ரயில்வேயில சிக்னல் வேலை. உங்க பக்கத்துல பாகற்காய்னு எழுதிக்கிட்டிருந்தேன்."

ஷூமின் கையிலிருந்த தண்ணீர் போத்தலை மூடினாள். ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"எங்க பழைய சிக்னல் அறையில நாலு பேருக்கு ஒரே குடைதான்," என்றார் அவர். "மழைக்காலத்துல யாரு கையில குடை இருக்கோ அவன்தான் வெளிய போவான். மத்தவன் காத்திருக்கணும். அதை நினைச்சுத்தான் வெச்சேன்." லேசாகச் சிரித்தார். "உங்க காரணம் இன்னும் நல்லாயிருக்கு. என்னுதுக்கு இவ்ளோ கைதட்டல் வந்திருக்காது."

குத்தலாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அதுதான் அவளை அதிகம் குத்தியது.

"சார், நான்..."

"ஒரு உதவி கேக்கலாம்னு நின்னேன்," என்று அவர் அவசரமாகச் சொன்னார், அவள் சங்கடத்தை நீட்டிக்க விரும்பாதவர்போல. "அந்தப் பழைய பதில் இன்னும் உங்க பக்கத்துல இருக்கு. எங்க ஆபீஸ்ல புதுசா வந்த பசங்க எப்படியோ அதைத் தேடிப் பிடிச்சுட்டாங்க. பென்குயின் சார், பென்குயின் சார்னுதான் கூப்பிடுறாங்க. சிக்னல் ரேடியோவுலகூட. அந்தக் கடிதத் திரியை மொத்தமா அழிச்சுர முடியுமா?"

"இப்பவே அழிச்சுடுறேன் சார்."

போனை எடுத்தாள். 'நீக்கினால் திரும்பப் பெற முடியாது' என்றது திரை. அழுத்தினாள். கேலி போனது. கேலிக்கு மேலே இருந்த மூன்று கடிதங்களும், அந்த நான்கு வரியும், தேதியோடு சேர்ந்து போயின. திரும்பிப் பார்க்கிற ஒருவருக்கும் இனி ஒன்றும் கிடைக்காது. இது புரிந்த அந்த நொடியில் அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்பாடா என்று இருந்தது.

அவர் இரண்டு கையையும் சேர்த்துத் தலை குனிந்து நன்றி சொன்னார். அவளும் குனிந்தாள். அவர் போய்விட்டார்.

தைனான் திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாங்கிய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். பன்றித் துண்டும் பாதி முட்டையும் ஆறிக் கிடந்தன. சாப்பிட முடியவில்லை. திருடியதுகூட அவளை அவ்வளவு அறுக்கவில்லை. அந்த 'அப்பாடா'தான் அறுத்தது. அவர் தலை குனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மதியம், ஐந்து பேரும் பால்மீன் கஞ்சியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். ஒரே மூச்சில், யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

லியாவ் கரண்டியைக் கீழே வைத்தார். "ரெண்டு வாரம் உக்காந்தியே, அதெல்லாம்?"

"உக்காந்தது நிஜம்ணே. கண்டுபிடிச்சது நான் இல்ல."

"இப்ப அவரே அழிக்கச் சொல்லி நீயும் அழிச்சாச்சு. அவரும் ஒண்ணும் கேக்கல. இதோட விட்டுரேன். கிளறினா கம்பெனி பேருதான் நாறும்."

"அழிச்சப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சுண்ணே. அவருக்காக இல்ல. எனக்காக."

பெய்ச்சி கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "அந்தப் பென்குயினை வரைஞ்சது நான்தானே அக்கா. நீங்க எழுதினதைவிட அதுதான் நிறைய பரவுச்சு."

லியாவ் நெற்றியைத் தேய்த்தார். "சரி. என்ன செய்யணுமோ செய். முதல்ல அந்த மனுஷனைக் கேட்டுட்டுச் செய். மறுபடியும் அவரை நடுத்தெருவுல நிறுத்திராதே."

அன்றே அவருக்கு எழுதினாள். நடந்ததை நடந்தபடி எல்லாரும் பார்க்க எழுதப் போகிறேன், உங்கள் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அதையும் உங்கள் பெயரையும் போடலாமா என்று கேட்டாள். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. இந்த முறை அது 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று தொடங்கவில்லை.

'போடுங்கள். முழுப் பெயரைப் போடுங்கள். பென்குயின் என்ற சொல் எங்கும் வேண்டாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனதில் கிடக்கும். புதிய பதிப்பில் மழை பெய்ததைப் பார்த்ததுமே என் கடிதத்தைப் படித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். உங்கள் பேச்சில் என் பெயர் வரும் என்று நம்பித்தான் தைபேய்க்கு வந்தேன். மனைவியையும் அழைத்து வந்திருந்தேன். சேர்ந்து உட்கார இடம் கிடைக்காமல் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெயர் வராதபோது அவளிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. வரிசையில் நின்றபோது வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.'

ஷூமின் அதைத் தன் மேஜையில், எல்லாரும் இருக்கும்போது படித்தாள். எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

பிறகு கூட்டம் நடத்தியவர்கள் இணையத்தில் ஏற்றியிருந்த வீடியோவைத் திறந்து, கேள்வி கேட்ட இடத்துக்கு ஓட்டினாள். குடைக் கதையை அவள் சொல்கிறாள். கேமரா அரங்கத்தின் பக்கம் திரும்புகிறது. முகங்கள் சிரிக்கின்றன. மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டை. அவரும் கை தட்டிக்கொண்டிருந்தார், கொஞ்சம் தாமதமாக, பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து. கேமரா அவரைத் தாண்டிப் போனது. கடைசி வரிசையில் நீலக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி மேடையைப் பார்க்காமல் கழுத்தை நீட்டி அவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஷூமின் எழுதியதை வெளியிட்டாள். கேலி செய்தது, படிக்காதது, எடுத்தது, மேடையில் பொய் சொன்னது, அழித்தபோது நிம்மதியாக இருந்தது என்று எதையும் விடவில்லை. கீழே ஜுங் மாவ்ஷெங்கின் மூன்றாவது கடிதம் முழுதாக, தேதியோடு இருந்தது. பெய்ச்சி தன் பெயரில் இரண்டு வரி சேர்த்தாள். விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியலில் மழை என்ற தலைப்பின் கீழ் அவர் பெயர் முதலில் வந்தது.

திட்டினார்கள். சிலர் தைரியசாலி என்று பாராட்டினார்கள், அதைப் படிப்பதுதான் அதிகக் கஷ்டமாக இருந்தது. கூட்டத்தார் வீடியோவின் கீழே ஒரு திருத்தம் போட்டார்கள். அடுத்த வருடம் தைச்சுங்கில் பேச ஒப்புக்கொண்டிருந்ததை அவளே வேண்டாமென்றாள். அந்த இடத்தில் அவரை அழைத்தார்களாம். தனக்கு மேடைப் பேச்சு வராது என்று அவர் சொல்லிவிட்டாராம்.

அவரிடமிருந்து பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. இப்போது வாசகர் பக்கத்துக் கடிதங்களை ஷூமின் வேலைக்கு வந்ததும் முதலில் படிக்கிறாள், கடைசி வரி வரைக்கும். லினக்ஸ்காரர்களுடையவை நீளமாகவே இருக்கின்றன. முந்தாநாள் ஒருவர், பன்னிரண்டாவது கட்டத்தில் படகு கரை சேர மறுக்கிறது என்று ஐந்து பக்கம் எழுதியிருந்தார். தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்றுதான் அவரும் தொடங்கியிருந்தார். ஷூமினுக்குக் காது சூடேறியது. முதல் பக்கத்திலிருந்து மெதுவாகப் படிக்க ஆரம்பித்தாள்.